தொப்பியைக் கழற்றியவன்

பாலத்தின் நடுவில் அந்தச் சாம்பல் நிறக் கார் எங்கள் வண்டியைப் பின்னாலிருந்து முட்டியபோது நான் ஒரு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதியில் நின்றுபோனது. மீதி இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை.

பயந்தால் எனக்கு வாய் நீளும். துப்பறிவாளர் எல்மா கூபேனாவிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து பாதி நேரம் பயத்திலேயே கழிவதால், லாலோ கார்ஸா ரொம்பத் தமாஷான ஆள் என்று டெக்சாஸில் நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நானும் யாரையும் திருத்துவதில்லை.

அது ஒரே ஒரு வண்டி போகக்கூடிய பழைய இரும்புப் பாலம். கீழே மழைத் தண்ணீர் செங்காவி நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. இரண்டாவது முறை முட்டியபோது எங்கள் பிக்கப் வண்டியின் முன்சக்கரம் கைப்பிடிக் கம்பியை உரசியது. எல்மா ஸ்டீயரிங்கை விடவில்லை. அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி, பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டி ஒரு குலுக்கலுடன் பாலத்தைத் தாண்டி மறுகரையில் ஏறியது. சாம்பல் கார் கொஞ்சம் பின்தங்கியது. ஆனால் போய்விடவில்லை.

பின்சீட்டில் கம்பளிக்கு அடியில் படுத்திருந்த டார்லா வாஸ் சத்தம் போடவில்லை. அவள் ஜெபம் செய்துகொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"வர்ஜீனியா நம்பர் பிளேட், பாஸ்," என்றேன். "அந்த விட்லாக்கோட ஆளுங்கதான்."

"பிளேட்டைப் பாத்தேன்," என்றார் எல்மா.

விட்லாக் யார் என்றால், செனட்டர் ராய்ஸ் டனிகனின் தேர்தல் வேலைகளைக் கவனிக்க வர்ஜீனியாவிலிருந்து இறக்குமதியான ஆசாமி. பளபளப்பான ஷூவோடு மாட்டுத் தொழுவத்துக்குள் நடப்பவன். டனிகன் இருபத்து நாலு வருடமாக செனட்டர். இந்த முறையும் ஜெயித்தால் முப்பது வருடம் ஆகிவிடும். அந்த நாற்காலியிலேயே உயிர் போக வேண்டும் என்பது அவர் ஆசை, மேடையிலேயே அப்படித்தான் சொல்வார், கூட்டம் கைதட்டும். இந்த முறை எதிரே நிற்பவள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, நெருக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஓட்டுப்போட இன்னும் ஒன்றரை வாரம்தான் இருந்தது.

டார்லா இருபத்திரண்டு வருடம் அவருடைய அன்றாட நிகழ்ச்சிகளைக் கவனித்தவள். எந்த ஊர், எந்த மேடை, யார் கையைக் குலுக்குவது என்று எல்லாம் அவள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஜூன் மாதம் ஒரு விருந்து முடிந்து திரும்பும்போது செனட்டரே வண்டியை ஓட்டினார். சாலையோரம் நடந்து போன ஒரு மனிதன்மேல் மோதினார், அவன் செத்துப்போனான். நிறுத்தவில்லை. பக்கத்து சீட்டில் டார்லா இருந்தாள். மறுநாள் போலீஸ் பிடித்தது செனட்டரின் டிரைவரை. அந்த டிரைவர் ஹெக்டர், என் அக்கா புருஷன். மோதிய நேரத்தில் அவர் தன் வீட்டு சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னது அவர் பெண்டாட்டி மட்டும்தான், பெண்டாட்டி சாட்சியை யார் மதிக்கிறார்கள்?

நாலு மாதம் வாயைத் திறக்காத டார்லா முந்தாநாள் எல்மாவிடம் வந்து அழுதாள். இன்று மதியம் நீதிபதி ஜானக் முன்னால் ஹெக்டரின் வழக்கு முடிகிறது. அதற்குள் அவள் சத்தியம் செய்து உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் என் அக்கா இருபது வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறைக்கு டிபன் கொண்டுபோக வேண்டியதுதான்.

அவள் எங்களிடம் வந்தது யாருக்கோ தெரிந்துவிட்டது. மறுநாள் காலை அவள் காரின் நாலு டயரிலும் காற்று இல்லை. வால்வு மூடிகள் நாலும் வராந்தா கம்பியின்மேல் வரிசையாக, பிள்ளைகள் கோலி அடுக்குவதுபோல, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வாசலில் நட்டிருந்த தேர்தல் பலகையை யாரோ திருப்பி நட்டிருந்தார்கள். வீதியைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய செனட்டர் டார்லாவின் சமையலறை ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்மா பலகையைப் பார்க்கவேயில்லை. வெளி கேட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அவள் வளர்க்கும் மாடுகள் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றனவா என்று டார்லாவிடம் கேட்டார். இருக்கின்றன என்றாள் அவள். இந்த நேரத்தில் மாட்டைப் பற்றி என்ன விசாரணை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

இன்று காலை கிளம்பும்போது, நாங்கள் ஆற்றுப் பாலம் வழியாகத்தான் வருகிறோம் என்று ஷெரீப் டப் ரெய்னிக்குப் போன் செய்து சொல்லச் சொன்னார் எல்மா. டப் ஊரே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த போலீஸ் தலைவர், எல்மாவின் பழைய மேலதிகாரி. பதினெட்டு வருடம் அவருக்குக் கீழே எல்மா வேலை பார்த்திருக்கிறார். ஹெக்டரைக் கைது செய்தது டப்தான், ஆனால் அவரையும் யாரோ ஏமாற்றியிருப்பார்கள் என்பது எங்கள் எண்ணம். அதாவது என் எண்ணம். கோர்ட் வாசற்படியில் தானே வந்து நிற்பதாகவும் டார்லாவின் ஒரு மயிர்கூட உதிராது என்றும் டப் என்னிடம் சொன்னார். அப்பா மாதிரி பேசினார். போனை வைத்தபோது எனக்குப் பாதி தைரியம் வந்திருந்தது. பாலத்தில் அதுவும் ஆற்றோடு போய்விட்டது.

இப்போது சாலை நேராக இருந்தது. இருபுறமும் வைக்கோல் உருளைகள், மாடுகள், வேலிக்கு வேலி டனிகன் பலகை. சாம்பல் கார் மறுபடி வேகம் பிடித்தது. வெயில் அதன் முன்கண்ணாடியில் பட்டுத் தெறித்ததால் உள்ளே யார் என்று தெரியவில்லை.

"பாஸ், இன்னும் கொஞ்சம் மிதிங்க."

"இது இருபது வருஷத்து வண்டிடா. இதுக்கு மேல மிதிச்சா கால் தரையில பட்டுடும்."

அப்போதுதான் எதிரே மேட்டில் விளக்குகள் தெரிந்தன. பட்டப்பகலில் முகப்பு விளக்கு எரியவிட்டு, கறுப்பு நிறச் சவ வண்டி ஒன்று மெதுவாக இறங்கி வந்தது. அதன் பின்னால் விளக்கெரிய இன்னொரு கார். அதன் பின்னால் இன்னொன்று. மேடு முழுக்க விளக்குகள்.

எல்மா வண்டியை ஓரங்கட்டினார்.

சாவு ஊர்வலம் எதிரே வந்தால் வண்டியை நிறுத்தித் தொப்பியைக் கழற்றுவது இந்த ஊர் வழக்கம்தான், ஆனாலும் நான் நம்பவில்லை. புல்லில் சக்கரம் இறங்கி, இன்ஜின் நின்று, அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்த பிறகும் நம்பவில்லை.

கம்பளிக்கு அடியிலிருந்து டார்லா, ஏன் நின்றுவிட்டோம் என்று கேட்டாள். சாவு ஊர்வலம் என்றேன். அவள் கெஞ்சினாள். "எல்மா, போங்க. உங்க கால்ல விழறேன். இன்னிக்கு ஒரு நாள் நிக்காம போங்க."

"சவம் போகுது டார்லா. கொஞ்சம் பொறு."

"பாஸ்," என்றேன், "செத்தவருக்கு மரியாதை பண்ணப் போய் நாமளும் அதே வரிசையில சேர்ந்துடப் போறோம்."

"வாயை மூடு. தொப்பியைக் கழட்டு. பின்னாடி கண்ணாடியை மட்டும் பாரு."

கழற்றினேன். தொப்பி கை தவறிக் கீழே விழுந்தது. பக்கக் கண்ணாடியில் அந்தச் சாம்பல் கார் நெருங்கி வந்தது. வரட்டும், வந்து இடிக்கட்டும், கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மூட முடியவில்லை.

சாம்பல் கார் வேகம் குறைத்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு வீட்டு நீளம் தள்ளி, அதுவும் புல்லில் இறங்கி நின்றது.

சவ வண்டி எங்களைக் கடந்தது. கொல்ல வந்தவனும் சாக வேண்டியவர்களும் ஒரே ஓரத்தில் ஒழுங்காக வரிசையில் நின்றோம். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. சாம்பல் காரின் கதவு திறந்தது. உயரமான ஆள் ஒருவன் இறங்கினான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள், பழைய ஆட்கள்தான் இறங்கி நிற்பார்கள். அவன் இறங்கி நின்று, தன் அகலத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

கழற்றியதும் நெற்றி தெரிந்தது. கீழ்ப்பாதி வெயிலில் காய்ந்து செங்கல் நிறம், தொப்பி உட்காரும் கோட்டுக்கு மேலே பால் வெள்ளை. இந்த ஊர் வெயிலில் நாற்பது வருடம் தொப்பி போட்டவனுக்குத்தான் அப்படி ஒரு நெற்றி வாய்க்கும். விட்லாக்கின் ஆட்களில் ஒருவனுக்கும் கிடையாது.

"டப்," என்றார் எல்மா. அந்தப் பெயரை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

கோர்ட் வாசற்படியில் நிற்க வேண்டிய ஷெரீப், சீருடை இல்லாமல், வர்ஜீனியா காரில் வந்து, எங்களை ஆற்றில் தள்ளப் பார்த்திருக்கிறார். எங்கள் பிணம் கிடைத்தால் பழி விட்லாக்கின் தலையில் விழும். டார்லா பேசினால் செனட்டரோடு, ஹெக்டர்மேல் பொய் வழக்குப் போட்ட அவரும் மாட்டுவார். காலையில் போன் செய்து வழி சொன்னது நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எல்மா திரும்பிப் பார்க்காமலே, வருத்தப்படாதே, சொல்லச் சொன்னது நான் என்றார். அந்த வழியை வேறு யாருக்கும் சொல்லவில்லையாம்.

"அவரைச் சந்தேகப்பட்டீங்களா? எப்படி?"

"டயர்ல காத்தைப் பிடுங்க வந்தவன் போறப்ப கேட்டைச் சாத்தி, சங்கிலியையும் மாட்டிட்டுப் போயிருக்கான். ஒரு மாடுகூட ரோட்டுக்கு வரலை. விட்லாக் ஆளுங்க திறந்து போட்டுட்டுத்தான் போயிருப்பானுங்க. வந்தவன் நம்ம ஊர்க்காரன்டா. கெடுதல் பண்ண வந்தாலும் கேட்டை மூடாம போக அவனால முடியாது." கண்ணாடியைப் பார்த்தார். "வந்தது டப் இல்லைன்னு ஆகணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

அப்படியானால் இந்த ஊர்வலம்? அதைக் கேட்பதற்குள் அவர் இன்ஜினைக் கிளப்பி முகப்பு விளக்கைப் போட்டார். ஊர்வலத்தின் கடைசிக் கார்கள் வந்துகொண்டிருந்தன. அவை போய்விட்டால் சாலையில் நாங்களும் அவரும் மட்டும்தான். எல்மா கையை வெளியே நீட்டினார். ஒரு பழைய காரில் வந்த கிழவர் தலையாட்டி நின்று இடம் விட்டார். எங்கள் பிக்கப் அரைவட்டம் அடித்துத் திரும்பி, ஊர்வலத்துக்குள் நுழைந்தது.

நுழைந்தது சரி. ஊர்வலத்தின் வேகம் மாட்டு வண்டி வேகம். அந்த வேகத்தில் நாங்கள் சாம்பல் காரைக் கடந்து போக வேண்டியிருந்தது. ஷெரீப் டப் ரெய்னி கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார். இடுப்பில் துப்பாக்கி. தொப்பி நெஞ்சில். அவர் கண் என் கண்ணைப் பார்த்தது, பிறகு பின்சீட்டுக் கம்பளியைப் பார்த்தது. கம்பளி நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் கை அசையவில்லை. சுற்றிலும் சொந்தக்காரர்களின் கார்கள், ஒவ்வொரு கண்ணாடியிலும் அவருக்கு ஓட்டுப் போட்ட ஒரு முகம். ஒரு கிழவி அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவரும் பதிலுக்குத் தலையசைத்தார். நாங்கள் கடந்துவிட்டோம்.

கண்ணாடியில் பார்த்தேன். கடைசிக் கார் போன பிறகுதான் தொப்பியைப் போட்டுக்கொண்டார். பிறகு அவரும் திரும்பி ஊர்வலத்தின் வாலில் ஒட்டிக்கொண்டார். முந்திக்கொண்டு வரவில்லை. இந்த ஊரில் பிறந்தவனால் அது முடியாது.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம். ஒரு சிவப்புக் கார் மொத்த ஊர்வலத்தையும் ஓரத்தில் தள்ளிவிட்டு, சவ வண்டியையும் முந்திக்கொண்டு பறந்தது. உள்ளே விட்லாக், காதில் போன்.

"பாத்தியா?" என்றார் எல்மா. "வர்ஜீனியான்னா அது."

டார்லா கம்பளியை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். யார் செத்தது என்று கேட்டாள். டாபோர் ஊர் பெலிக்ஸ் ஜானக், தொண்ணூற்றொரு வயது, நீதிபதி ஜானக்கின் பெரியப்பா என்றார் எல்மா. பேப்பரில் போட்டிருந்தானாம், இந்த நேரம் இந்தச் சாலை என்று. நீதிபதி சவப்பெட்டி தூக்குகிறவர்களில் ஒருவர். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆற்றுப் பாலம் வழி என்று சொன்னதும், கிளம்பின நேரமும், எல்லாம் கணக்குப் போட்டுத்தான்.

டார்லா முன்சீட்டைப் பற்றிக்கொண்டாள். "அப்ப அவரும் வந்திருப்பாரு. அம்பது காருக்கு மேல வர்ற சாவுக்கு செனட்டர் போகாம இருக்கக் கூடாது. அது நான் போட்ட சட்டம், எல்மா. நானே போட்டது."

"தெரியும்மா. அதான் அங்க போறோம். ஓட்டுப் போடறவங்க இருநூறு பேருக்கு நடுவுல அவர் கை குலுக்கிட்டு இருக்கறப்ப, டப் ரெய்னியால துப்பாக்கியைத் தொட முடியாது."

"பாஸ், புலிக்கு வாய் நாறுதான்னு உள்ள போய்ப் பாக்கச் சொல்றீங்க."

"நீ வெளியவே நில்லேன், டப் துணைக்கு வருவார்."

நான் உள்ளேயே போனேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயத்துக் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். புகையில் வெந்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கசகசா வைத்த கொலாச் ரொட்டி. பசியில்லாத ஒரே ஆள் நான். நீதிபதி கறுப்புக் கோட்டில் பூவோடு, தட்டில் கொலாச்சோடு, மூலை மேசையில் இருந்தார். எல்மா அவர் காதில் பேசினார். நீதிபதிக்குப் பிடிக்கவில்லை. கோர்ட் எதற்கு இருக்கிறது என்று கேட்டார். எல்மா கதவைக் காட்டினார். அங்கே டப் ரெய்னி, கூடத்துக்குள் போடக் கூடாது என்பதால் தொப்பியைக் கையில் பிடித்தபடி, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சாதாரண உடுப்பில் நிற்கும் ஷெரீப்பையும், மேசை விளிம்பைப் பற்றியிருந்த டார்லாவின் விரல்களையும் நீதிபதி மாறி மாறிப் பார்த்தார். தட்டைத் தள்ளிவைத்து, விரலில் ஒட்டிய கசகசாவைத் துடைத்தார்.

"கோர்ட்ல மறுபடி சொல்லணும்," என்றார். "ஆனா சத்தியம் இங்கயே வாங்கிக்கறேன். வலது கையைத் தூக்கும்மா."

நான் போனில் ஒலிப்பதிவைப் போட்டேன். டார்லா கையைத் தூக்கினாள். கை ஆடியது. பயம் அவ்வளவு வெளிப்படையாக ஒருத்தரிடம் நான் பார்த்ததில்லை, கண்ணாடியில் என்னைத் தவிர.

அதே நேரத்தில் செனட்டர் டனிகன் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். இருபத்து நாலு வருடப் பழக்கம் அது. முகத்தைப் பார்க்கமாட்டார், கையைத்தான் பார்ப்பார். ஒரு கையைக் குலுக்கும்போதே கண் அடுத்த கைக்குப் போய்விடும். விதவையின் கை, பாதிரியாரின் கை, சமையல்காரரின் கை. எங்கள் மேசைக்கு வந்தார். காற்றில் தூக்கிய ஒரு கை தெரிந்தது. பழக்கத்தில் சிரித்துக்கொண்டே தன் கையை நீட்டினார்.

டார்லா கையைக் கீழே இறக்கவில்லை.

அவர் அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். நீதிபதியைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது.

"என்னம்மா டார்லா," என்றார் மெல்ல, பிள்ளையிடம் பேசுவதுபோல. "சாப்பிட்டியா? கையை எறக்கும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

இருபத்திரண்டு வருடம் அந்தக் குரல் சொன்னதைச் செய்தவள் அவள். கை ஒரு விரலளவு இறங்கியது. எல்மா அவளைத் தொடவில்லை. என் அக்காவின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

கை மறுபடி மேலே போனது.

"பாக்கட்டும் சார்," என்றாள். "அன்னிக்கு வண்டியை ஓட்டினது நீங்க. நான் பக்கத்துல இருந்தேன். நிறுத்துங்கன்னு நான்தான் கத்தினேன்."

கதவருகே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. டப்பின் தொப்பி தரையில் கிடந்தது. அவரைக் காணவில்லை. எல்மா எழுந்து போய் அதை எடுத்து, தூசி தட்டி, ஆணியில் மாட்டிவிட்டு வந்தார்.

டார்லா ஜூன் மாதத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே போனாள். குரல் இன்னும் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. செனட்டரின் கை நீட்டியபடியே இருந்தது. அந்தக் கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். அதை யாரும் வந்து பிடிக்கவில்லை.